லோகோவை ஒட்டினால் மட்டும் போதுமா?

போன மாதம் ஒரு வாசகருக்கு ஆண்டறிக்கையின் முன்னட்டையைப் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறிக்கைச் சங்கதிதான்: லோகோ, நிறம், எழுத்துரு, வரைபு, வரைபடம் எல்லாம் எப்படி ஒரே மாதிரிப் போடுவது என்று. முன்பள்ளி அமைப்புகள், சிக்கனக் கூட்டுறவுகள், தோட்டத்து இளைஞர் கழகங்கள், எல்லோருக்கும் ஆண்டறிக்கைக் காலம் போல. சரி, இந்த முறை முழுக்க அதையே பார்த்துவிடுவோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, ஒரு சின்ன அமைப்பில் தரவு உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் லோகோ கருஞ்சிவப்பு. அறிக்கையில் வருகிற எல்லா வரைபும் எல்லா வரைபடமும் அந்த நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார். கடும் சிவப்பு, நடுச் சிவப்பு, வெளிர் சிவப்பு என்று போட்டு முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளிக்களத்துக்குப் போகிறவர்கள் அதைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்?
(ஹட்டன் வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் பணிப்பாளர் கேட்டது நியாயம்தான். அதை எங்கே பூசுவது என்பதில்தான் பிழை. இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன், கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை (தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகளை) மூடியது. அடுத்த வருடம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முன்பள்ளி வயதுப் பிள்ளைகள் எங்கே எத்தனை பேர் என்று ஒரு வரைபடம் கீறினேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் நிறமும் சிவப்புத்தான். பிள்ளைகள் கூடின பிரிவுக்குக் கடும் சிவப்பு, குறைந்த பிரிவுக்கு வெளிர் சிவப்பு. பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் ஒரு பிரட்டுக்களத்தில், தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கூடுகிற இடத்தில், விரித்தேன். கூட்டம் தொடங்க முதலே ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து, தன் லயம் இருக்கிற இடத்தில் விரலை வைத்து, "எங்களை எப்ப ஐயா எழும்பச் சொல்றாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு முன்பள்ளியைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அரை மணித்தியாலம் நான் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. மழை பிடித்தால் இந்த மூன்று நிறமும்தான் மலைநாடு முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தோட்டத்து வரைபடத்தில் சிவப்பைப் பூசினால், கீழே குறிவிளக்கப் பெட்டியில் நீங்கள் என்ன எழுதினாலும் யாரும் வாசிக்கப்போவதில்லை. நிறம் அதற்கு முன்னமே பேசி முடித்துவிடும். உங்கள் வெளிக்கள ஆட்களுக்கு இது தெரியும். காரியாலயத்தில் இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தத்தான் அவர்களுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆகவே பணிப்பாளரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரைபுக்குச் சட்டகம் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே தரவு என்று ஒன்று இருக்கிறது. தலைப்பு எந்த எழுத்துருவில் எந்த அளவில் எந்த மூலையில் வருகிறது, கோடு எவ்வளவு மெல்லியது, பின்னணி என்ன, தரவு எங்கிருந்து வந்தது என்ற வரி எங்கே நிற்கிறது, லோகோ எங்கே, இதெல்லாம் சட்டகம். அதில் உங்கள் அடையாளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுங்கள். இலண்டனில் வருகிற எகனாமிஸ்ட் சஞ்சிகையை எடுத்துப் பாருங்கள், வரைபின் மேல் இடது மூலையில் பெருவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் பட்டை, அவ்வளவுதான், பெயரை மறைத்தாலும் யாருடையது என்று தெரியும். பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை 1893 இலிருந்து இளஞ்சிவப்புச் சாயல் தாளில் வருகிறது, இப்போது அவர்களுடைய இணையத்தளமும் அதே சாயலில்தான். இரண்டு பேருமே வரைபில் நிற்கிற ஒவ்வொரு சலாகைக்கும் (பட்டைக்கும்) தங்கள் லோகோ நிறத்தைப் பூசிக்கொண்டிருக்கவில்லை.

உள்ளே இருக்கிற தரவுக்கு அதன் சொந்த நிறம் வேண்டும். கூடக் குறையக் காட்டுவது என்றால் ஒரே நிறத்தின் வெளிரிலிருந்து கடுமை வரை, அதுவும் நாலைந்து படிக்கு மேல் வேண்டாம். உங்கள் அமைப்புக்கு அது நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கட்டும், மலைநாட்டு வரைபடத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் ஆபத்துக்கு மட்டும் என்று உங்கள் விதித்தாளில் எழுதி வையுங்கள். கருஞ்சிவப்பை முழுக்கத் தூக்கி எறியவும் வேண்டாம். பத்துத் தோட்டத்தை ஒப்பிடுகிற சலாகை வரைபில் ஒன்பதைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, நீங்கள் எந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதற்கு மட்டும் கருஞ்சிவப்பைக் கொடுங்கள். ஒன்பது பேர் சும்மா இருக்கும்போது பத்தாமவர் பேசுவது எவ்வளவு தெளிவாகக் கேட்கும், அது மாதிரி.

இன்னொன்று, முதல் பக்கத்தில் பெண் பிள்ளைகள் ஊதா என்றால் முப்பதாவது பக்கத்திலும் ஊதாதான். நிறத்தின் அழகைவிட இது முக்கியம். நடுவில் மாறினால் வாசிக்கிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக அகரம் படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: லோகோ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
(வெலிமடை வாசகர்)

பதில்: தலைப்பைவிடச் சின்னதாக. அப்புறம், மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டைப் பிடித்து இழுத்தால் லோகோ சப்பையாகிவிடும்.

கேள்வி: எங்கள் காரியாலயத்தில் மூன்று பேர் எக்செலில் வரைபு போடுகிறோம், மூன்றும் மூன்று மாதிரி. ஒவ்வொரு முறையும் கையால் நிறம் மாற்றி அலுத்துவிட்டது. சுருக்க வழி உண்டா?
(பதுளையிலிருந்து ஒரு கணினி இயக்குநர்)

பதில்: உண்டு, அதுவும் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற எக்செலுக்குள்ளேயே. பேஜ் லேஅவுட் தாவலுக்குப் போய் கலர்ஸ், அதில் கஸ்டமைஸ் கலர்ஸ். பன்னிரண்டு பெட்டி வரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நாலு, இணைப்புகளுக்கு இரண்டு, நடுவில் இருக்கிற ஆறுதான் உங்கள் வரைபுகளில் வரிசையாக வருகிற நிறங்கள். முதல் தரவுத் தொடருக்கு முதல் பெட்டி, இரண்டாவதுக்கு இரண்டாவது. ஆகவே எந்த வரிசையில் வைக்கிறீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு நிறம் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி இருக்க வேண்டும், இரண்டு பச்சையை அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

நிறத்தைக் கண் மதிப்பில் தேர்ந்தெடுக்கக்கூடாது. "கொஞ்சம் கடும் பச்சை" என்று தொலைபேசியில் சொன்னால் மூன்று பேரும் மூன்று பச்சை போடுவீர்கள். சிவப்பு 27, பச்சை 94, நீலம் 70 என்று மூன்று இலக்கமாக எழுதி வைத்துவிட்டால் எந்தக் கணினியில் போட்டாலும் அதே பச்சை.

அப்புறம் அதை தீமாக (நிறமும் எழுத்துருவும் அடங்கின ஒரு கோப்பாக) சேமித்து மூன்று கணினிக்கும் கொடுங்கள். அதே தீமை வேர்டிலும் பவர்பொயிண்டிலும் திறக்கலாம், அறிக்கைக்கும் கூட்டத்தில் காட்டுகிறதுக்கும் ஒரே நிறம் கிடைத்துவிடும். ஒரு சலாகை வரைபை ஆற அமர இருந்து ஒழுங்காகச் செய்யுங்கள். பின்னணிக் கட்டங்களை அழித்து, எழுத்தளவைச் சரிபண்ணி, முப்பரிமாண வித்தையை எல்லாம் எடுத்துவிட்டு, அதன்மேல் வலது சொடுக்கில் சேவ் ஆஸ் டெம்ப்ளேட் கொடுத்தால் அடுத்த முறை அதே அச்சில் வார்க்கலாம். இட்லித் தட்டு மாதிரி, மா மட்டும்தான் புதிது.

ஒரு இடத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். எக்செலிலிருந்து வேர்டுக்கு ஒட்டும்போது மூலத்தின் நிறத்தை வைப்பதா, போகிற இடத்தின் தீமுக்கு மாறுவதா என்று அது கேட்கும், நாங்கள் பார்க்காமல் எதையோ அழுத்துவோம். இரண்டிலும் ஒரே தீம் இருந்தால் எதை அழுத்தினாலும் வம்பில்லை. வெளியிலிருந்து வந்த வரைபு என்றால் போகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மென்பொருளில் செய்கிறதை எல்லாம் செய்துவிட்டு, ஒரே ஒரு ஏ4 தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாற்பது பக்கக் கைநூல் எழுதிய ஒரு இடத்தை எனக்குத் தெரியும். அதைக் கடைசிவரை வாசித்தது அதை எழுதியவர் மட்டும்தான்.

கேள்வி: ஐயா, எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்க அறிக்கை மும்மொழியிலும் வர வேண்டும். தமிழை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். பிடிஎப் ஆக அனுப்பினால் சில இடத்தில் குப்பை எழுத்தாக வருகிறது, தேடினாலும் எதுவும் அகப்படுவதில்லை. எந்த எழுத்துரு நல்லது?
(பொகவந்தலாவை ஆசிரியை)

பதில்: டீச்சர், பாமினியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு காலத்தில் எங்கள் அச்சகங்கள் முழுக்க அதில்தான் ஓடின, நான் தட்டச்சுப் பழகியதும் அதில்தான். ஆனால் அது யுனிகோட் (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி அறிகிற எழுத்துக் குறியீடு) இல்லை. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். எழுத்துருவைப் பிடிஎப்புக்குள் பதித்து அனுப்பினால் பார்க்கச் சரியாக இருக்கும், தேட மட்டும் முடியாது. யுனிகோடுக்கு மாறுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன.

மும்மொழி என்றால் என் தெரிவு நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பம். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே கையால் எழுதின மாதிரி எழுத்துருக்கள் அதில் இருக்கின்றன, காசும் இல்லை. மூன்று மொழிக்கும் மூன்று இடத்திலிருந்து பொறுக்கினால் தமிழ் மெலிந்து சிங்களம் தடித்து, யாரோ எங்களை ஓரமாக நிற்க வைத்த மாதிரி இருக்கும். மும்மொழி அறிக்கையில் தமிழ் எப்போதும் ஒரு சுற்றுச் சின்னதாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே. எத்தனையோ தடவை அது வேண்டுமென்று செய்தது கிடையாது, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டிக்குள் தமிழை அமுக்கினதால் வந்தது. ஆகவே டெம்ப்ளேட்டைத் தமிழில் முதலில் செய்யுங்கள். தமிழ் கொள்ளுகிற பெட்டியில் ஆங்கிலம் தாராளமாகக் கொள்ளும்.

தமிழ்ப் பெயர்கள் நீளம் என்பதால் நிமிர்ந்த சலாகைக்குக் கீழே சாய்த்து எழுதி வாசிக்கிறவர் கழுத்தை ஒடிக்காதீர்கள். சலாகையைப் படுக்கப் போடுங்கள், பெயர் இடது பக்கம் நேராக நிற்கும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம், அழுத்த வேண்டிய இடத்தில் தடித்த எழுத்துப் போதும். இன்னொரு சங்கதி, சில நிரலாக்க மென்பொருட்களில் கீறும்போது "கொ", "கை" எல்லாம் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்துபோகும். அச்சுக்கு அனுப்ப முன்னம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கண் அதில் பட வேண்டும்.

எழுத்துருவைவிட எனக்குக் கடுப்பு வருவது பெயரில்தான். ஒரே அறிக்கையில் மூன்றாம் பக்கம் ஹட்டன், ஒன்பதாம் பக்கம் அட்டன். அட்டவணையில் அப்புத்தளை, வரைபடத்தில் ஹப்புத்தளை. தலவாக்கலையா தலவாக்கொல்லையா, நோர்வூட்டா நோர்வுட்டா? எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, ஒன்றைப் பிடியுங்கள். தோட்டங்களுக்கோ இன்னும் மோசம், கம்பனிப் பதிவில் ஒரு பெயர், அங்கே இருக்கிற சனம் சொல்லுகிற தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டையும் ஒரு பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, எல்லோரும் அதைப் பார்த்தே எழுத வேண்டும் என்று வையுங்கள். இது அழகுக்கு மட்டும் இல்லை. அட்டவணையை வரைபடத்தோடு பெயரை வைத்து இணைக்கும்போது "ஹட்டன்" இருக்கிற இடத்தில் "அட்டன்" வந்தால் கணினிக்கு அது வேறு ஊர், வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக நிற்கும்.

கேள்வி: எங்கள் அமைப்பின் நிறம் மஞ்சள். தலைப்பெல்லாம் மஞ்சளில் போட்டால் யாருக்கும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
(கம்பளை வாசகர்)

பதில்: வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து, பனி மூடின ரோட்டில் வெள்ளைச் சட்டை மாதிரித்தான். இணையத்துக்கான அணுகல் விதிகளில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் அது 1.07 தான் வரும். எழுத்துக் கறுப்பாகவே இருக்கட்டும், மஞ்சளைத் தலைப்புக்குப் பின்னால் பட்டையாகப் போடுங்கள்.

கேள்வி: நீங்கள் நிறம் நிறம் என்று எழுதுகிறீர்கள், எங்களிடம் கலர் பிரிண்ட் எடுக்கக் காசே இல்லை. சந்தியில் இருக்கிற கொமியூனிகேஷனில் போட்டோகொப்பி அடித்துத்தான் உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறோம்.
(மாத்தளையிலிருந்து ஒரு கூட்டுறவுச் செயலாளர்)

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்கு ஆகப் பிடித்த கடிதம் இது. உண்மையில் எங்கள் பக்கத்தில் எந்த அறிக்கையும் கடைசியில் போய்ச் சேர்வது அந்த மெஷினுக்குள்தான். கொழும்பில் பளபளப்பாக அடித்த அறிக்கையும் இங்கே வரும்போது கறுப்பு வெள்ளைக் கொப்பியாகத்தான் வரும், அதுவும் கொப்பியின் கொப்பி.

ஆகவே எந்த வரைபையும் முடித்தவுடன் ஒரு கொப்பி அடித்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தால் அந்தச் சோடி சரிவராது. அந்தச் சோடிக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பிறப்பிலேயே சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கணக்கு. பெண்களில் மிகக் குறைவு. உங்கள் நிர்வாக சபையில் எல்லோரும் ஆண்கள் என்றால் யோசியுங்கள் (அதுவே தனியாக யோசிக்க வேண்டிய விஷயம், அதை இன்னொரு மாதம் பார்ப்போம்).

நிறத்தின் பெயரை நம்பாமல் கடுமையை நம்புங்கள். ஒன்று நன்றாகக் கடுமை, ஒன்று நடு, ஒன்று வெளிர் என்று இருந்தால் எந்த மெஷினில் போட்டாலும் பிரியும். மூன்றுக்கு மேல் போனால் சலாகையின் மேலேயே பெயரை எழுதிவிடுங்கள், மூலையில் குறிவிளக்கப் பெட்டியே தேவையில்லை. கோட்டு வரைபு என்றால் ஒன்று முழுக்கோடு, ஒன்று துண்டுக்கோடு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் என்றொரு இலவசத் தளம் இருக்கிறது. வரைபடத்துக்கு நிறம் தேடும்போது நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரிகிறதா, போட்டோகொப்பியில் தாங்குமா என்று கேட்டு வடிகட்டியே தரும். அமெரிக்காவில் இருந்துகொண்டு எங்கள் சந்திக் கடையை நினைத்திருக்கிறார், பாருங்கள்.

கேள்வி: சம்பள உயர்வைக் காட்டுகிற வரைபில் இரண்டு சலாகையும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக வருகிறது, எடுப்பாக இல்லை. 900 இலிருந்து தொடங்கினால் நன்றாகத் தெரிகிறது. எங்கள் டெம்ப்ளேட்டையே அப்படி வைத்துவிடலாமா?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: வைக்கக்கூடாது. கணக்கைப் பாருங்கள். 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தது, 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை 1,350 ரூபா. கூடினது 35 சதவீதம். அச்சை 900 இல் தொடங்கினால் முதல் சலாகையின் உயரம் 100, இரண்டாவதின் உயரம் 450. பார்க்கிறவர் கண்ணுக்குச் சம்பளம் நாலரை மடங்காகிவிட்டது! அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்குகிறவரிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள்.

சலாகை என்பது நீளத்தைப் பார்த்து வாசிக்கிற வரைபு, பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டு வரைபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் எங்கே தொடங்கினது என்று எழுத வேண்டும். "கிட்டத்தட்ட ஒரே உயரம்" என்று உங்களுக்குத் தெரிகிறதே, அதுதான் ஐயா செய்தி. அதற்கு நடுவில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் 69.8 சதவீதம் ஏறியிருந்தது என்பதையும் பக்கத்தில் போட்டால் அந்த உயரம் இன்னும் நன்றாக விளங்கும். டெம்ப்ளேட்டில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டு, பூச்சியத்தில் தொடங்கும் அச்சு, தரவு எங்கிருந்து எந்த வருடம் எடுத்தது என்ற வரி. இந்த இரண்டும் இல்லாமல் நிறமும் எழுத்துருவும் மட்டும் ஒத்துப்போனால், பிழையான வரைபுகள் வரிசையாக ஒரே சீருடையில் நிற்கும்.

கேள்வி: நுவரெலியா, பதுளை, கண்டி என்று மூன்று மாவட்டக் காரியாலயம் எங்களுக்கு. மூன்றும் தனித்தனி லோகோ, தனித்தனி நிறம் கேட்கின்றன. ஒரே சண்டை.
(பண்டாரவளை வாசகர்)

பதில்: விடையை உங்கள் வீட்டுத் தேயிலைப் பக்கற்றில் பாருங்கள். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை எல்லா ஊர்த் தேயிலைக்கும் பொது. அதை எல்லோரும் போட முடியாது, முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்றால்தான் அனுமதி. அதற்குக் கீழே நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, உடபுஸ்ஸல்லாவ, கண்டி, சப்ரகமுவ, ருஹுணு என்று ஏழு பிரதேசத்துக்கும் தனித்தனிச் சின்னம் இருக்கிறது. சிங்கத்தை யாரும் மாற்றுவதில்லை, ஊர்ச் சின்னத்தை யாரும் மறைப்பதுமில்லை. உங்கள் மூன்று காரியாலயத்துக்கும் லோகோ ஒன்று, எழுத்துரு ஒன்று, பக்க அமைப்பு ஒன்று. மாவட்டத்தின் பெயரும் அட்டையில் ஒரு பட்டை நிறமும் மட்டும் அவரவர் விருப்பம். வரைபுக்குள் அந்தப் பட்டை நிறம் வரக்கூடாது. வந்தால் மூன்று மாவட்ட அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

கேள்வி: அண்ணா, பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஒரு அமைப்புக்குத் தொண்டராக கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடம் செய்து கொடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி வர என்ன செய்ய வேண்டும்?
(அப்புத்தளை வாசகர்)

பதில்: தம்பி, இலவச மென்பொருளைப் பிடித்தீர்களே, சந்தோஷம். வரைபடத்தில் ஒரு படையின் (லேயரின்) நிறத்தை ஒழுங்கு பண்ணியவுடன் அதைப் பாணிக் கோப்பாகச் சேமித்துவிடலாம், அடுத்த வருடத் தரவின்மேல் அப்படியே ஏற்றலாம். அச்சுப் பக்கத்தையும் டெம்ப்ளேட்டாகச் சேமிக்கலாம், தலைப்பு, அளவுத்திட்டம், வடக்கு, மூல வரி எல்லாம் அதே இடத்தில் நிற்கும்.

இதில் மறைந்திருக்கிற பள்ளம் வகுப்பு எல்லை, அதாவது எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை ஒரு நிறம் என்பது. 2023 வரைபடத்தில் 0 இலிருந்து 50 வரை வெளிர் நிறம். 2024 தரவைப் போட்டு மறுபடி வகுக்கும்படி அழுத்தினால் மென்பொருள் தானாக 0 இலிருந்து 80 என்று மாற்றிவிடும். நிறம் அதே, பக்கம் அதே, லோகோ அதே, அர்த்தம் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் ஒன்றும் மாறவில்லை என்று நினைப்பார். எல்லைகளை ஒரு தரம் யோசித்துக் கையால் பதியுங்கள், பிறகு தொடாதீர்கள். தேயிலைக்காரர்களைப் பாருங்கள், ஏறத்தாழ 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலம், 1,200 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம். எந்த வருடம் யார் கீறினாலும் அதே மூன்று படி.

எண்ணிக்கையை நிறமாகப் பூசுவதையும் விடுங்கள். பெரிய பிரிவு எப்போதும் கடுமையாகத்தான் தெரியும். நூற்றுக்கு எத்தனை என்று மாற்றிப் பூசுங்கள், எண்ணிக்கையைக் காட்டத்தான் வேண்டும் என்றால் வட்டம் வையுங்கள்.

ஆள்கூற்று முறையும், அதாவது இடத்தை இலக்கத்தால் குறிக்கிற கட்டமும், ஒன்றாகவே இருக்கட்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1999 ஆம் ஆண்டுக் கட்டம் உங்கள் மென்பொருளில் 5235 என்ற இலக்கத்தில் கிடைக்கும், அதையே எல்லாக் கோப்புக்கும் வையுங்கள். அதற்கு முந்தின கட்டத்தோடு கலந்தால் லயம் எங்கேயோ போய் நிற்கும். ஒரு சின்னச் சந்தோஷம் சொல்கிறேன், இந்தக் கட்டத்தின் தொடக்கப் புள்ளி எங்கள் பீதுருதாலகால உச்சி. அதற்குக் கொடுத்த இலக்கம் பழைய கட்டத்தில் கிழக்கே 200,000 வடக்கே 200,000, புதியதில் இரண்டும் 500,000. நாடு முழுக்க அளக்கிறவர்கள் எங்கள் மலையிலிருந்துதான் எண்ணுகிறார்கள்!

எல்லைக் கோப்பு எந்த வருடத்தது என்றும் கீழே எழுதுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த, நுவரெலியா என்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுதான். பிறகு பிரித்து நோர்வூட், தலவாக்கலை என்று புதியவை வந்தன. பழைய கோப்பில் புதிய தரவைப் போட்டால் நோர்வூட் சனம் எங்கே போய்விழும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: இனவாரியாகத் தரவு காட்டும்போது எந்த நிறம் போடுவது? "இந்தியத் தமிழர்" என்று எழுதுவதா, "மலையகத் தமிழர்" என்று எழுதுவதா?
(நுவரெலியா வாசகி)

பதில்: தேசியக் கொடியில் தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை, சிங்களவருக்குக் கருஞ்சிவப்பு என்று எல்லோரும் படித்ததுதான், அதையே வரைபிலும் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை. பச்சை என்றால் ஒரு கட்சி, நீலம் என்றால் இன்னொரு கட்சி என்றும் இந்த நாட்டில் வாசிப்பார்கள், அதே அறிக்கையில் பச்சை "முன்னேற்றம்" என்றும் வரும். முடிந்தவரை சலாகையைச் சாம்பலில் விட்டுப் பெயரை எழுதுங்கள்.

பெயரைப் பொறுத்தவரை, குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலமாக இருந்த தலைப்பு "இந்தியத் தமிழர்". எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடம் ஆனதை 2023 இல் மலையகம் 200 என்று ஊர் ஊராக நினைவுகூர்ந்த பிறகும் உங்கள் அறிக்கை எங்களை அப்படிக் கூப்பிட வேண்டுமா என்பது உங்கள் அமைப்பு கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. என்னிடம் கேட்டால் எல்லா இடத்திலும் மலையகத் தமிழர். மூல வரியில் மட்டும், மதிப்பீட்டு அட்டவணையில் இது எந்தத் தலைப்பில் இருந்தது என்று ஒரு வரி. அப்போதுதான் சரிபார்க்கிறவர் தேடி எடுக்க முடியும்.

கேள்வி: உதவி தந்தவர்கள் ஒன்பது பேர், ஒன்பது லோகோவும் ஒவ்வொரு பக்கத்திலும் வேண்டுமாம்.
(கண்டி வாசகர்)

பதில்: கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் சின்னதாகிவிட்டது என்று வருகிற சண்டைதான் இது. ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் மாதிரிச் சிலரிடம் கொடியை எப்படிப் போட வேண்டும், பக்கத்தில் என்ன வாசகம் வர வேண்டும் என்று எழுத்தில் விதி இருக்கும், அதை அப்படியே செய்யுங்கள். மற்றவர்களை அட்டையின் பின்புறத்தில் ஒரே உயரத்தில், அகர வரிசையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பக்கமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். நான் இதுவரை நாலு தரம் கேட்டிருக்கிறேன், நாலு தரமும் எழுதியிருக்கவில்லை.